மல்லாட்டை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்

1

ஜெர்மனியின் தெற்கே நான் குடியிருக்கும் சிறிய ஊரில், நான் மல்லாட்டைச் சாகுபடி பற்றிப் புத்தகம் எழுதியவள் என்று ஒரு பெண்மணி உறுதியாக நம்புகிறார். அந்த நம்பிக்கையை மாற்ற என் ஜெர்மன் போதவில்லை. விழுப்புரத்தில் இருக்கும் உங்களுக்கு இந்தச் செய்தி வேறு யார் மூலமாகவாவது வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் பிரிகிட்டே. எங்கள் தெருமுனையில் புத்தகக் கடை வைத்திருக்கிறார். ஆண்டுத் தொடக்கத்தில் கடை வாசலில் ஒரு மேசை போட்டு, உள்ளூர்க்காரர்கள் எழுதிய புத்தகங்களை அடுக்குவார். நாயைப் பழக்குவது எப்படி, தேவாலய மணியின் வரலாறு, எங்கள் ஊரிலேயே நடக்கும் துப்பறியும் கதைகள். குப்பைத் தொட்டியை மாற்றி வைத்தாலே பேச்சாகிவிடும் ஊர் இது. கதைகளில் மட்டும் கொலைக்குக் குறைவில்லை.

இந்த ஆண்டு என் ஆறு வயது மகள் இனியா அந்தக் கடையில் நின்றுகொண்டு, தன் அம்மாவும் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறாள், ஆனால் உள்ளே படமே கிடையாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அதை ஜெர்மனில்தான் சொன்னாள். அவளுக்கு இப்போது எல்லாமே ஜெர்மனில்தான் வருகிறது, என்னைப் பற்றிய புகார் உட்பட.

பிரிகிட்டே புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். இந்த ஊருக்கு வந்து வாழும் வாழ்க்கையைப் பற்றி நான் எழுதிய குறிப்புகளின் தொகுப்பு அது. அவர் பக்கங்களைப் புரட்டி எழுத்துகளின் வளைவுகளை ரசித்தார். பிறகு பின்னட்டையில் இருந்த எண்ணைக் கணினியில் தட்டினார். திரையில் வேரோடு பிடுங்கிய, நாம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலைச் செடி ஒன்று வந்தது. கீழே 'மல்லாட்டைச் சாகுபடி' என்று தமிழில் தலைப்பு.

அவர் செடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கடலையா?" என்றார்.

இல்லை, நான் இங்கே எப்படி வாழ்கிறேன் என்பதைப் பற்றிய புத்தகம் என்று சொல்ல நினைத்தேன். பதற்றத்தில் வாக்கியத்தின் கடைசியில் வரவேண்டிய வினைச்சொல் நடுவிலேயே இறங்கிவிட்டது. நான் இங்கே கடலையால் வாழ்கிறேன் என்பதுபோல எதையோ சொல்லியிருக்கிறேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, மிகவும் பயனுள்ள பணி என்றார். நாய்ப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இடம் கொடுத்து, 'இந்தியாவில் கடலை விவசாயம்' என்று அட்டையும் எழுதி வைத்துவிட்டார்.

2

வீட்டுக்கு வந்ததும் திண்டிவனத்துக்குப் போன் போட்டேன். கோமதி எடுத்தாள். விழுப்புரத்தில் பொறியியல் படித்தபோது ஒரே பெஞ்சில் என்னோடு உட்கார்ந்தவள். இப்போது என் பதிப்பாளர்.

"ஏ, என் பின்னட்டைல இருக்கற நம்பர் யாரோடது?"

"யாரோடதுன்னா? உன்னோடதுதான்."

"தேடிப் பாரு."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. அப்புறம், "அய்யய்யோ."

"இன்னாடி அய்யய்யோ?"

"மல்லாட்டை பின்னட்டைய தெறந்துதான் உன்னோடத பண்ணேன். பேர மாத்துனேன், போட்டோவ மாத்துனேன். நம்பர மாத்தல டீ. நீதான ப்ரூஃப் பாத்த?"

"பாத்தேன்."

"எத பாத்த?"

"என் போட்டோவ."

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் பட்டைக்கோட்டோடு இருக்கும் அந்த எண், உலகத்தில் அந்தப் புத்தகத்துக்கு மட்டுமே உரியது. கடைகளும் கிடங்குகளும் தலைப்பைப் படிப்பதில்லை, எண்ணைத்தான் படிக்கின்றன. இன்னொரு விளக்கமும் தரவேண்டும். நான் இங்கே ஒரு ஆன்லைன் கடையில் வேலை பார்க்கிறேன். ஒரே எண்ணில் இரண்டு பொருள்கள் பதிவாகியிருந்தால் கண்டுபிடிப்பது என் வேலைகளில் ஒன்று. மற்றது, 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்று உங்கள் திரையில் ஓடும் வரிசையைத் தயாரிப்பது.

கோமதி சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தவள். திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டாள். வேலையை விட்டுவிட்டு மாமனார் வீட்டின் தெருவைப் பார்த்த அறையில் பதிப்பகமும் புத்தகக் கடையுமாக ஒன்றைத் தொடங்கினாள். மோட்டார் பழுதுபார்ப்பது, மல்லாட்டை போடுவது, தேர்வுக்குப் படிப்பது என்று சின்னச் சின்னப் புத்தகங்களாகப் போட்டாள். என் புத்தகத்தை நட்புக்காகப் போட்டாள். அதிலிருந்துதான் விற்காத பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போக ஆரம்பித்தன.

அவளுடைய மாமனார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், நல்ல மனிதர். கத்த மாட்டார், கேட்பார்.

"ஏம்மா கோமதி, வாங்கி வெக்கிற அரிசி தீருது, எண்ணெய் தீருது. ஒன் பொஸ்தகம் மட்டும் இன்னாம்மா தீரவே மாட்டேங்குது?"

அந்த அறையில் மொபைல் கடை வைக்கவேண்டும் என்று அவளுடைய கொழுந்தன் ஆசைப்படுகிறான். தை முடியும்வரை பார்க்கலாம், அதற்குள் புத்தகம் தன் காலில் நின்றால் சரி, இல்லாவிட்டால் அறை தம்பிக்கு என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அறை போனால் பெட்டிகளுக்கு இடமில்லை. பெட்டிகளுக்கு இடமில்லாத பதிப்பகம் என்று ஒன்று கிடையாது. பழைய கம்பெனியிலிருந்து திரும்ப வருகிறாயா என்று வேறு கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோமதி அவர்களுக்கும் பதில் சொல்லவில்லை, வீட்டுக்கும் சொல்லவில்லை. நான் கேட்டால் சட்னி தாளிக்கப் போய்விடுவாள்.

3

ஜெர்மனியில் புதுப் புத்தகத்தின் விலையைச் சட்டமே கட்டிப்போட்டிருக்கிறது. பெரிய ஆன்லைன் கடையிலும் பிரிகிட்டே கடையிலும் ஒரே விலை. வந்த புதிதில் அது தெரியாமல், "கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டேன். ஏதோ குற்றத்தில் கூட்டுச் சேரக் கூப்பிட்டதுபோல அவர் இரண்டு பக்கமும் பார்த்தார்.

நம் ஊரில் ஒரு புத்தகத்தின் விலை எங்கே போகிறது என்று கோமதியோடு உட்கார்ந்து ஒரு முறை பட்டியல் போட்டோம்.

கடைக்கும் விநியோகத்துக்கும்: மூன்றில் ஒரு பங்கு, சில நேரம் பாதி.
காகிதம், அச்சு, அட்டை: மீதியில் பெரும்பகுதி.
வாசகருக்கு: கேட்காமலே பத்து சதவீதம் தள்ளுபடி, கேட்டால் இன்னும் கொஞ்சம்.
எழுத்தாளருக்கு: இலவசப் பிரதிகள்.
பதிப்பாளருக்கு: கட்டிலுக்கு அடியில் இருப்பவை.

இந்தப் பட்டியலில் பொன்னாடையைச் சேர்க்கவில்லை. சேர்த்திருக்க வேண்டும். விழுப்புரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் என் புத்தக வெளியீடு நடந்தபோது உறவினர் அத்தனை பேரும் வந்தார்கள், அத்தனை பேரும் ஆளுக்கொரு பொன்னாடையோடு வந்தார்கள். ஒரு பொன்னாடையின் விலையில் என் புத்தகத்தை இரண்டு வாங்கலாம். யாரும் ஒன்றுகூட வாங்கவில்லை. பெரியப்பா மேடையிலேயே சொன்னார்: "பொஸ்தகம் போட்டுக்கினயே, எனக்கு ஒண்ணு கையெழுத்து போட்டுக் குடு. காசு குடுத்து வாங்கறதுக்கா சொந்தம்னு இருக்கறோம்?" எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தப் பொன்னாடைகளை அம்மா அடுத்தடுத்து வந்த விழாக்களில் வேறு ஆட்களுக்குப் போர்த்தித் தீர்த்துவிட்டார். அவர்களும் யாருக்காவது போர்த்தியிருப்பார்கள். கைமாறிக்கொண்டே இருக்கும் பண்டம் அது, பிரித்துப் பார்ப்பார் கிடையாது. கோமதியின் மாமனாருக்கு அந்தத் தொழிலைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

4

போன ஐப்பசியில் நான் ஒரு திட்டம் அனுப்பினேன். நான் பட்டியல் போடுவேன் என்பது கோமதிக்குத் தெரியும். பட்டியலைப் பார்க்காமலே சரி என்று சொல்வாள் என்பது எனக்குத் தெரியும்.

ஒன்று, சின்ன வீடியோக்கள். கோமதி அலமாரி முன்னால் நின்று புத்தகங்களைப் பற்றிப் பேசினாள். நிறையப் பேர் பார்த்தார்கள். புடவை எங்கே எடுத்தது என்று கேட்டார்கள்.

இரண்டு, வாசகர் மதிப்புரை. என் சித்தி மகன் ஐந்து நட்சத்திரம் போட்டு, 'பார்சல் நல்லா பேக் பண்ணியிருந்தாங்க' என்று எழுதினான். உள்ளே என்ன இருந்தது என்பதை இன்றுவரை அவன் சொல்லவில்லை.

மூன்று, விளம்பரம். ஆன்லைன் கடையில் என் புத்தகத்துக்கு மட்டும் கொஞ்ச நாள் காசு கட்டினோம். கார்த்திகை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. மார்கழியில் திடீரென்று அசைந்தது. தினமும் ஒன்றிரண்டு போனது. நான் ஒரு வரைபடம் போட்டு, மேலே ஏறும் கோட்டுக்குப் பச்சை வண்ணம் கொடுத்து, விளம்பரத்தின் பலன் என்று தலைப்பிட்டு அனுப்பினேன். கோமதி அதை மாமனாரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "மேல போவுது" என்றாராம். அது எங்களுக்கு மிகப்பெரிய பாராட்டு.

தலைப்பில்லாமல் எண்ணை மட்டும் காட்டும் விற்பனை அறிக்கையில் 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்ற வரிசையும் இருந்தது. வேப்பம் புண்ணாக்கு, கைத்தெளிப்பான், தார்ப்பாய். நான் அதைப் பார்த்தேன். என் வாசகர்கள் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள், மென்மையான மனம் படைத்தவர்கள் என்று முடிவு செய்தேன்.

பிரிகிட்டே கடையில் அந்தச் செடியைப் பார்த்த பிறகுதான் கணக்கு புரிந்தது. அவர்கள் கேட்டது மல்லாட்டை. நெல் அறுத்த கையோடு மல்லாட்டை போடப் போகிறவர்கள் அந்தச் சின்ன வழிகாட்டியைத் தேடி வாங்கியிருக்கிறார்கள். கிடங்கில் அந்த எண்ணில் இருந்த பெட்டி என்னுடையது. கிடங்கு எண்ணைப் பார்த்து அனுப்பிவிட்டது. பச்சைக் கோடு முழுவதும் ஏமாந்த விவசாயிகள்.

அத்தனையும் திரும்பி வந்தால், சரியான புத்தகத்தைச் சொந்தச் செலவில் அனுப்பவேண்டும். தை முடிவதற்கு முன்பே பதிப்பகம் முடிந்துவிடும்.

5

கோமதி ஆன்லைன் பக்கத்தைத் திருத்தி, தவறான புத்தகம் வந்தவர்கள் கூப்பிடலாம், மாற்றித் தருகிறோம் என்று தன் எண்ணையும் போட்டாள். மறுநாள் முகையூரிலிருந்து கலியபெருமாள் என்பவர் கூப்பிட்டார். ப்ரூஃப் பார்த்தவளும் திட்டு வாங்கட்டும் என்று கோமதி என்னையும் அதே அழைப்பில் இணைத்துவிட்டாள்.

"யாரு, மல்லாட்டை பொஸ்தகமா?"

"ஆமாங்கண்ணா. நம்பர் மாறிப்போயி வேற பொஸ்தகம் வந்துடுச்சி. மன்னிச்சிக்கங்க."

"இன்னாம்மா நீங்க! மல்லாட்டைக்கு ஜிப்சம் எப்ப போடறதுன்னு பாக்கலாம்னு பிரிக்கிறேன், ஒரு பொண்ணு பனி பெய்யுதுன்னு அழுவுது."

நான் மியூட் பொத்தானைத் தேடினேன்.

"அந்தப் பொண்ணும் லைன்லதாங்கண்ணா இருக்கா," என்றாள் கோமதி.

"எது, அழுவற பொண்ணா?"

"வணக்கங்க," என்றேன்.

"வணக்கம்மா. பனி வுட்டுச்சா?"

"இன்னும் இல்லீங்க. முழுசாவா படிச்சீங்க?"

"கரண்ட் இல்ல, மோட்டாரு ஓடல. வரப்புல குந்திக்கினு வேற இன்னா பண்றது? படிச்சேன். ஆமா, உருளைக்கிழங்கு பெட்டி ஒண்ணு எழுதியிருக்கியே. வயல் ஓரத்துல பெட்டிய வெச்சிட்டுப் போயிடறாங்க, ஆளே கெடையாது, ஜனங்க உண்டியல்ல காசப் போட்டுட்டு எடுத்துக்கினு போறாங்கன்னு. நெசமா அது?"

"நெசந்தாங்க."

"டீக்கடைல படிச்சிக் காட்டுனேன், எவனும் நம்ப மாட்டேங்கறான். உண்டியலயே தூக்கிக்கினு போயிட்டா இன்னா பண்ணுவான்னு ஒருத்தன் கேக்கறான். ஒரே பேஜாரு. ஆமா, கிலோ இன்னா வெல?"

எனக்குத் தெரியவில்லை. வாரம் தவறாமல் அந்தப் பெட்டியில் காசு போட்டு உருளைக்கிழங்கு எடுக்கிறேன். பையாகத்தான் எடுக்கிறேன், கிலோவாகப் பார்த்ததில்லை.

"அத எழுதலீங்க."

"மூணு பக்கம் அந்தப் பெட்டியப் பாத்து உன் மனசு இன்னா ஆச்சின்னு எழுதிக்கினு போற. கிலோ இன்னா வெலன்னு ஒரு வரி எழுதக்கூடாதா?"

கோமதி இருமுவதுபோல் சிரித்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். என் புத்தகத்தைப் படித்துவிட்டு ஒருவர் சொன்ன முதல் கருத்து அதுதான். இன்றுவரை அதற்கு மறுப்பு கிடைக்கவில்லை.

பார்சலெல்லாம் தனக்கு ஆகாது என்றார் அவர். "புதன்கிழமை விழுப்புரம் கமிட்டிக்கு நெல்லு எடுத்துக்கினு வர்றேன். நீ அங்க வந்து மல்லாட்டைய குடுத்துடு."

"அப்ப அந்தப் பொஸ்தகத்த எடுத்துக்கினு வர்றீங்களாங்கண்ணா?"

"அது எதுக்கு? டீக்கடைல கெடக்குது. இன்னும் சண்ட முடியல."

6

அரசு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை நம் பக்கம் கமிட்டி என்போம். வெளியூரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். விவசாயிகள் மூட்டைகளை இறக்கிக் குவிப்பார்கள். வியாபாரிகள் கையில் அள்ளிப் பார்த்து விலை எழுதிப் போடுவார்கள். யாருக்கு என்ன விலை என்று அறிவிக்கும்வரை யாரும் நகர முடியாது. நெல்லை விட்டுவிட்டு எங்கே போவது?

கலியபெருமாளுக்கு ஒன்று கொடுக்கப்போன கோமதி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பை நிறைய மல்லாட்டை வழிகாட்டியை எடுத்துப் போயிருந்தாள். அவர் வாங்கிப் பிரித்து நின்ற இடத்திலேயே படிக்க, பக்கத்து மூட்டைக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பக்கத்திலிருந்தவரும் பார்த்தார். மதியத்துக்குள் பை காலி.

அன்று மாலை போனில் கோமதியின் குரல் வேறு மாதிரி இருந்தது. "படிக்க நேரம் இருந்தும் கையில ஒண்ணும் இல்லாத ஜனத்த இத்தன பேர ஒரே எடத்துல நான் பாத்ததே இல்லடி. நாம இன்னாடான்னா கடைய தெறந்து வெச்சிக்கினு, வருவாங்க வருவாங்கன்னு உக்காந்துக்கினு இருந்தோம்."

கமிட்டிக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் பெட்டிகளை வைத்துக்கொள்ளப் பின்பக்கம் ஓர் ஓரம் தருவதாகச் சொல்லியிருந்தார். அப்படியானால் அறையை விட்டுவிட்டுப் பதிப்பகத்தை அங்கேயே நடத்தலாமே என்றேன். ஒரு வரைபடமும் போட ஆரம்பித்திருந்தேன்.

"ஒரு நாள் வித்தத வெச்சி குதிக்க நான் இன்னா நீயா?" என்றாள். "அங்க எங்கூட்ல மொபைல் கடைக்கு கண்ணாடி ஷோகேஸே சொல்லிட்டாங்க. கம்பெனிக்காரன் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேக்கறான். இன்னொரு புதன் பாக்கறேன்."

அடுத்த புதன், கமிட்டி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, எடைமேடைக்குப் பக்கத்தில் மேசை போட்டாள். எல்லாப் புத்தகங்களையும் கொண்டுபோயிருந்தாள், என்னுடையதையும்தான். போனை மேசைமேல் சாய்த்து வைத்து என்னை வீடியோவில் கூப்பிட்டாள். எனக்கு அது காலை நேரம். ஒரு பக்கம் இனியா ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு பக்கம் நான் அலுவலகக் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு திறக்காததுபோல் இருந்தேன்.

நிறையப் பேர் வந்து புரட்டினார்கள். யாரும் வாங்கவில்லை. "வெல சொல்லட்டும்மா" என்று வைத்துவிட்டுப் போனார்கள். திடீரென்று ஒலிபெருக்கியில் பெயர்கள் படிக்க ஆரம்பித்தார்கள். ஒரே நொடியில் மேசை முன்னால் ஆளே இல்லை. கோமதி என் புத்தகத்தால் விசிறிக்கொண்டாள்.

"இன்னாடி ஆச்சி?" என்றேன்.

"நெல்லு வெல நல்லா இருந்தா இந்தப் பக்கம் வருவாங்க. இல்லன்னா டீ கூட குடிக்காம பஸ் ஏறிடுவாங்க."

ஒருவர் எந்தப் புத்தகத்தை வாங்குவார் என்று கணிக்க, வயது, ஊர், முன்பு வாங்கியது, எத்தனை நேரம் பக்கத்தைப் பார்த்தார் என்று நான் எத்தனையோ விவரங்களைச் சேர்த்திருக்கிறேன். நெல் விலைக்கு ஒரு கட்டம் வைத்ததே இல்லை. ரொட்டித் துண்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, விழுப்புரத்தில் நெல் மூட்டைக்கு என்ன விலை விழப்போகிறது என்று வாழ்க்கையில் முதல் முறையாகக் கவலைப்பட்டேன். இனியா என்னைப் பார்த்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று ஜெர்மனில் கேட்டாள்.

முதலில் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு ஐந்தாறு பேர். விலை ஓஹோ என்று இல்லை, ஆனால் மோசமில்லை என்று முகங்கள் சொல்லின. மல்லாட்டை போனது. மோட்டார் பழுது போனது. நெல்லுக்குக் கமிட்டி கொடுத்த பணச் சீட்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி ஒரு அக்கா வந்து நின்றார். மல்லாட்டையைத் தொடவில்லை. என்னை எடுத்தார்.

"இது இன்னா பொஸ்தகம்?"

"வெளிநாட்டுக்குப் போனவ எழுதனதுக்கா. இதோ, போன்லயே இருக்கா, கேட்டுக்கங்க."

அவர் குனிந்து திரைக்குள் என்னைப் பார்த்தார். நான் தலைமுடியைச் சரிசெய்தேன்.

"நீயா எழுதன?"

"ஆமாங்கக்கா."

"படிக்க நல்லா இருக்குமா?"

முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேருக்கு இந்தக் கேள்விக்கு நொடிக்குள் பதில் சொல்லும் இயந்திரத்தை ஓட்டித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். நேரில் ஒருவர் கேட்பது இதுவே முதல் முறை.

"கொஞ்சம் இருக்கும்க்கா. நடுவுல கொஞ்சம் பொலம்பியிருப்பேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பொலம்பறதுக்கு அம்மாந் தொலைவு போவணுமா? இங்கயே குந்திக்கினு பொலம்பலாமே!" சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். கோமதி எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

ஆனால் அவர் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. மருமகள் படிப்பாள் என்றார். தள்ளுபடி கேட்டார், வாங்கினார். காசைக் கொடுத்துவிட்டு, பைக்குள் புத்தகத்தைத் திணித்தபடி கோமதியை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவ கொஞ்சம் ஒரு மாதிரி. புடிக்கலன்னா மூஞ்சிய தூக்கி வெச்சிக்குவா. மாத்திக் குடுப்பியா? அடுத்த புதன் இங்க இருப்பியா நீ?"

போன் சாய்ந்திருந்த கோணத்தில் எனக்குக் கோமதியின் முகவாயும் மேலே தகரக் கூரையும் மட்டும்தான் தெரிந்தன. பின்னால் ஒரு லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது.

"இருப்பேங்க்கா," என்றாள். "எல்லாப் புதனும் இருப்பேன்."